தப்பாக விடை சொல்லும் கால்குலேட்டரை வாங்குங்கள்

போட்மாஸ், அதாவது ஒரு கணக்கில் அடைப்புக்குறி, ஆஃப், வகுத்தல், பெருக்கல், கூட்டல், கழித்தல் என எதை முதலில் செய்வது என்ற வரிசை விதி, அதை நடத்துவதற்குக் கால்குலேட்டர் வாங்கலாமா, வாங்கினால் எதை வாங்குவது என்று கேட்கும் சக ஆசிரியர்களுக்காக இதை எழுதுகிறேன். ஆறாம் வகுப்பு முதல் எட்டாம் வகுப்பு வரை கணக்கு எடுக்கிறேன். கடையில் கல்லாப்பெட்டி அருகே கிடக்குமே, அந்தச் சாதாரண கால்குலேட்டர், அடுத்து காசியோ எஃப்எக்ஸ்-82எம்எஸ் என்ற சயின்டிஃபிக் கால்குலேட்டர், அதற்கும் மேலே அதே காசியோவின் கிளாஸ்விஸ் வரிசை சயின்டிஃபிக் கால்குலேட்டர் என மூன்றையும் என் வகுப்பில் பயன்படுத்திப் பார்த்தாகிவிட்டது. விலை ஏற ஏற, இந்த ஒரு பாடத்துக்கு அதனால் கிடைக்கும் பயன் குறைகிறது. மூன்றில் சிறந்தது, 2+3×4 என்று தட்டினால் 14 க்குப் பதில் 20 என்று கூசாமல் சொல்லும் அந்தக் கல்லாப்பெட்டி கால்குலேட்டர்தான்.

முதலில் அதன் உடம்பைப் பற்றிச் சொல்லிவிடுகிறேன். 12 இலக்கத் திரை, பெரிய பொத்தான்கள், சற்றே சாய்ந்த முகம். ஸ்டேஷனரி கடைகளில் ஐந்தாறு வாங்கினாலும் கையைக் கடிக்காது. கடைசி பெஞ்சிலிருந்து பார்த்தாலும் எண் தெரிகிறது. பொத்தானை அழுத்தும்போதெல்லாம் கீச்சென்று கத்தும் ரகம் ஒன்று உண்டு, அதைத் தொடாதீர்கள். நாற்பது பிள்ளைகள் கூடிய அறையில் ஆறு கருவிகள் சேர்ந்து கத்தினால் பக்கத்து வகுப்பு ஆசிரியர் வந்து எட்டிப் பார்ப்பார். மேலே கறுப்பாகச் சூரிய ஒளிப் பட்டை பதித்த மலிவு மாடல் ஒன்றைப் பேட்டரி மாற்றுவதற்காகத் திறந்தேன். பட்டையிலிருந்து உள்ளே ஒரு கம்பிகூடப் போகவில்லை. வெறும் அலங்காரம். அதைக் கண்டதும் என்னைவிட என் மாணவர்கள்தான் அதிகம் சிரித்தார்கள்.

இனி வேலைக்கு வருவோம். பிள்ளைகளிடம் கொடுத்து 2, +, 3 என்று ஒவ்வொன்றாக அழுத்தச் சொல்லுங்கள். திரையில் 3 நிற்கும். இப்போது × அழுத்தச் சொல்லுங்கள். 4 இன்னும் அழுத்தவில்லை, சமக்குறியும் அழுத்தவில்லை. ஆனால் திரையில் 5 வந்துவிட்டது. பாடம் முழுவதும் இந்த ஒரு நொடியில் இருக்கிறது. நாம் வாக்கியத்தை முடிப்பதற்குள் குறுக்கே விழுந்து பதில் சொல்லும் ஆளைப் போல, அடுத்து என்ன வருகிறது என்று காத்திராமல் அது 2+3 ஐக் கூட்டி முடித்துவிட்டது. மூன்று யாருக்குச் சொந்தம், இடப்பக்கத்துக் கூட்டலுக்கா வலப்பக்கத்துப் பெருக்கலுக்கா என்ற கேள்வியே அதற்கு எழவில்லை. கரும்பலகையில் எத்தனை முறை எழுதிக் காட்டினாலும் இந்த அவசரத்தைப் பிள்ளைகள் கண்ணால் பார்க்க முடியாது. கருவியில் பார்க்கிறார்கள்.

முதலில் வரும் எதிர்வினை, "சார், இது கெட்டுப்போன கால்குலேட்டர்" என்பதுதான். விடுங்கள், சொல்லட்டும். அடுத்த கருவியிலும் 20 தான் வரும். அதற்கடுத்ததிலும் 20. அப்போது ஒரு பிள்ளை, "அப்படியென்றால் கடைக்காரர் எல்லாரும் தப்பாகவா கூட்டுகிறார்கள்?" என்று கேட்கும். கேட்காவிட்டால் நீங்களே கேளுங்கள். பாடம் அங்கேதான் சூடு பிடிக்கிறது.

50 ரூபாய்க்கு எண்ணெய், 20 ரூபாய் சோப்பு மூன்று. இதைக் கோவையாக, அதாவது எண்களும் குறிகளும் சேர்ந்த ஒரே வரியாக எழுதினால் 50+3×20. அப்படியே கருவியில் தட்டினால் 1060 வருகிறது. எண்ணெயும் மூன்று சோப்பும் ஆயிரத்து அறுபது ரூபாயா! பெருக்கலை முதலில் செய்ய வேண்டும் என்ற விதியை இந்த ரசீது நியாயப்படுத்துவதைப் போல எந்தப் பாடப்புத்தக விளக்கமும் நியாயப்படுத்தியதில்லை. ஐம்பதையும் மூன்றையும் கூட்டினால் வரும் 53 என்பது என்ன? ஐம்பது ரூபாய், மூன்று சோப்பு. ரூபாயையும் சோப்பையும் யாராவது கூட்டுவார்களா? விதி வானத்திலிருந்து விழுந்ததல்ல என்பது அப்போது புரிகிறது. ஒரு மாணவி இன்னொரு படி மேலே போய், "53 என்று எதையும் கடையில் வாங்கவே இல்லையே சார்" என்றாள். இதைவிடத் தெளிவாக எனக்குச் சொல்லத் தெரியாது.

சரி, கடைக்காரர் இதே கருவியில் எப்படிச் சரியாகக் கணக்குப் போடுகிறார்? யாரும் சீண்டாமல் கிடக்கும் எம்+ பொத்தானால்தான். விடையை நினைவகத்தில் கூட்டி வைக்கும் பொத்தான் அது. 50 தட்டி எம்+. பிறகு 3×20 தட்டி மறுபடி எம்+. கடைசியில், நினைவகத்தில் உள்ளதைத் திரைக்குக் கொண்டுவரும் எம்ஆர்சி. 110 வந்து நிற்கிறது. வாடிக்கையாளர் எதையாவது திருப்பிக் கொடுத்தால், நினைவகத்திலிருந்து கழிக்கும் எம்−. நூறு ரூபாய் கொடுத்து மூன்று சோப்பு வாங்கினால் மீதி எவ்வளவு? 100 எம்+, 3×20 எம்−, எம்ஆர்சி, 40. சில மாடல்களில் ஜிடி என்று ஒரு பொத்தான் இருக்கும். 4×15 தட்டிச் சமக்குறி, 3×20 தட்டிச் சமக்குறி, பிறகு ஜிடி அழுத்தினால் 120. ஒவ்வொரு சமக்குறிக்கும் கிடைத்த விடைகளை அதுவே ஓரமாகச் சேர்த்து வைத்திருக்கிறது.

இயற்கணிதத்தில் உறுப்பு என்று சொல்கிறோமே, அது இதுதான். ஒரு எம்+ அல்லது எம்− அழுத்தினால் ஓர் உறுப்பு முடிந்தது. கோவையில் கூட்டல், கழித்தல் குறிகள் நிற்கும் இடங்களில் அதை வெட்டுங்கள், ஒவ்வொரு துண்டையும் தனித்தனியே கணக்கிடுங்கள், பிறகு சேருங்கள். என் வகுப்பில் 7×8−6×5+12 என்ற கோவையைக் கொடுத்தால் பிள்ளைகள் முதலில் பென்சிலால் இரண்டு செங்குத்துக் கோடு போடுகிறார்கள். அந்தக் கோடு போடும் பழக்கம் எம்+ பொத்தானிலிருந்து வந்தது. விதியை ஒப்பிக்கும் பிள்ளையைவிட இந்தக் கோடு போடும் பிள்ளை எட்டாம் வகுப்பில் இயற்கணிதக் கோவை வரும்போது தடுமாறுவதில்லை.

இதை வைத்துக் கொடுக்கக்கூடிய பயிற்சிகளுக்கு அளவே இல்லை. நான் விரும்பிக் கொடுப்பது, "எம்+ தொடாமல் சரியான விடையை வரவழைத்துக் காட்டு" என்பது. 2+3×4 க்கு வழி எளிது. 3×4+2 என்று மாற்றித் தட்டினால் போதும். 20−3×4 கொடுத்தால்தான் சிக்கல். நேராகத் தட்டினால் 68. இடம் மாற்றி 3×4−20 என்று தட்டினால் −8. விடை 8 என்று பிள்ளைக்குத் தெரியும், குறி மட்டும் இடிக்கிறது. இடம் மாற்றுவது கூட்டலில் செல்லும், கழித்தலில் செல்லாது என்ற பரிமாற்றுப் பண்பை அங்கே நான் நடத்த வேண்டியதே இல்லை. திரையிலிருக்கும் கழித்தல் குறி நடத்திவிடுகிறது. அடுத்து 24÷(2+4). இந்தக் கருவியில் அடைப்புக்குறியே கிடையாது. அடைப்புக்குறியை விட்டுவிட்டுத் தட்டினால் 16. 2+4 போட்டு எம்+, பிறகு 24÷ எம்ஆர்சி, சமக்குறி, 4. அடைப்புக்குறி என்றால் "இதை முதலில் முடித்து எடுத்து வைத்துக்கொள்" என்று பொருள் என்பது விரலுக்கே தெரிந்துவிடுகிறது.

குறைகளையும் சொல்ல வேண்டும். நினைவகத்தை அழிக்க மறந்தால் முந்தைய கணக்கின் மிச்சம் அடுத்த கணக்கில் வந்து ஒட்டிக்கொள்ளும். திரையின் மூலையில் பொடி எழுத்தில் எம் என்று தெரிவதுதான் ஒரே எச்சரிக்கை. பிள்ளைகள் அதைப் பார்ப்பதில்லை. எம்ஆர்சி ஒரே பொத்தானாக இருக்கும் மாடல்களில் ஒரு முறை அழுத்தினால் நினைவகத்தில் உள்ளது திரைக்கு வரும், அடுத்தடுத்து இரு முறை அழுத்தினால் அழிந்துபோகும். பதற்றத்தில் இரு முறை அழுத்திவிட்டு "எல்லாம் போய்விட்டது சார்" என்று வரும் பிள்ளைகள் வாரத்துக்கு ஒருவராவது உண்டு. எம்ஆர், எம்சி இரண்டும் தனித்தனியாக உள்ள மாடல் கிடைத்தால் அதையே எடுங்கள். இன்னொரு குறை, பிள்ளை என்ன தட்டியது என்பதற்குத் தடயம் இருக்காது. செக் வசதி உள்ள மாடல்களில் முந்தைய படிகளை ஒவ்வொன்றாகப் பின்னோக்கிப் பார்க்கலாம். கொஞ்சம் கூடுதல் விலை, ஆனால் தப்பு எந்த இடத்தில் நுழைந்தது என்று பிள்ளையோடு உட்கார்ந்து தேடும் ஆசிரியருக்கு அது தண்டச் செலவு அல்ல.

அடுத்து எஃப்எக்ஸ்-82எம்எஸ். இரண்டு வரித் திரை. மேல் வரியில் கோவை முழுவதும் நிற்கும், கீழ் வரியில் விடை. 2+3×4 க்கு 14. சமக்குறி வரும்வரை பொறுத்திருந்து, பிறகுதான் வேலையைத் தொடங்குகிறது. கல்லாப்பெட்டிக் கருவியைப் பார்த்த உடனே இதைக் காட்டினால் அந்தப் பொறுமையின் அருமை தெரியும். இதை மட்டும் முதலில் கையில் கொடுத்தால் பாடம் செத்துப்போகும். 14 என்று வரும், பிள்ளை 14 என்று எழுதும், ஏன் என்று யாரும் கேட்க மாட்டார்கள்.

ஆனாலும் இதில் ஒன்று பிரமாதம். விடை வந்த பிறகும் அம்புக்குறிப் பொத்தானால் கோவைக்குள் திரும்பிப் போய்த் திருத்தலாம். 2+3×4+5 என்று போடச் சொல்கிறேன், 19. இப்போது உள்ளே போய் அடைப்புக்குறிகளை மட்டும் நுழைத்து எத்தனை வெவ்வேறு விடைகள் வரவழைக்க முடியும்? (2+3)×4+5 என்றால் 25. 2+3×(4+5) என்றால் 29. (2+3)×(4+5) என்றால் 45. 2+(3×4)+5 என்று போட்ட பையன் மறுபடி 19 வருவதைப் பார்த்து முகம் சுளித்தான். தேவையில்லாத அடைப்புக்குறி என்று ஒன்று உண்டு என்பதை அந்தச் சுளிப்பு சொல்லிக்கொடுத்தது. ஒரு சின்னத் தொல்லை: இந்த மாடலில் திரும்பிப் போய்த் தட்டினால் புதிய குறி பழைய எண்ணின் மேலேயே ஏறி அதை அழித்துவிடும். ஷிஃப்ட் அழுத்தி இன்செர்ட் முறைக்கு மாற்றிக்கொண்டால்தான் இடையில் நுழையும். இதைப் பாடம் தொடங்கும் முன்பே சொல்லிவிடுங்கள்.

எட்டாம் வகுப்புக்கு இது வேறொரு வகையிலும் உதவும். −3 இன் வர்க்கம் என்று தட்டினால் −9. அடைப்புக்குறிக்குள் (−3) என்று போட்டு வர்க்கம் அழுத்தினால் 9. அடுக்கு, அதற்கு முன்னால் நிற்கும் கழித்தல் குறியைவிட முந்தியது. பள்ளிக் கணினியில் எக்செல் இருந்தால் அதே −3 இன் வர்க்கத்தைச் சூத்திரமாகத் தட்டிப் பாருங்கள். அது 9 என்கிறது. எக்செல்லுக்கு அந்தக் கழித்தல் குறி எண்ணோடு ஒட்டியது. இரண்டையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துக் காட்டிய நாளில் வகுப்பில் நடந்த சண்டை, நான் திட்டமிட்டு நடத்திய எந்த விவாதத்தையும்விட நன்றாக இருந்தது.

கிளாஸ்விஸ் விலையில் ஆயிரம் ரூபாயைத் தாண்டுகிறது. பின்னங்களைப் புத்தகத்தில் உள்ளபடியே மேலும் கீழுமாகக் காட்டுகிறது. மேல்நிலை வகுப்புக்கு அருமையான கருவி. நம் பாடத்துக்கு அதில் பொருட்படுத்த வேண்டியது ஒன்றே ஒன்று. அவ்வப்போது இணையத்தில் கிளம்பி வந்து குடும்பங்களைப் பிரிக்குமே, 6÷2(1+2), அதை இதில் தட்டினால் விடை சொல்லும் முன் கோவையையே 6÷(2(1+2)) என்று திருத்தி எழுதிவிட்டு 1 என்று காட்டுகிறது. நான் எப்படிப் புரிந்துகொண்டேன் என்பதை மறைக்காமல் காட்டும் இந்த நேர்மை எனக்குப் பிடித்திருக்கிறது. கூகுளில் அதே கோவையைத் தேடினால் (6/2) என்று அடைப்புக்குறி போட்டுக்கொண்டு 9 என்கிறது. டெக்ஸஸ் இன்ஸ்ட்ருமென்ட்ஸ் நிறுவனத்தின் டிஐ-82, பெருக்கல் குறி இல்லாமல் ஒட்டி எழுதிய பெருக்கலுக்கு முன்னுரிமை தந்தது; அடுத்து வந்த டிஐ-83 அதைச் சாதாரணப் பெருக்கலாகவே எடுத்துக்கொண்டது. ஒரே நிறுவனம், அடுத்தடுத்த எண்கள், வேறு வேறு விடை. எனவே இந்த வகைக் கணக்கை வினாத்தாளில் வைப்பவர்கள் மாணவனின் அறிவைச் சோதிக்கவில்லை. தங்கள் எழுத்தின் தெளிவின்மைக்கு மாணவனைத் தண்டிக்கிறார்கள். பின்னமாக எழுதுங்கள், அல்லது அடைப்புக்குறி போடுங்கள். இதைக் காட்டுவதற்காக மட்டும் ஆயிரத்துக்கு மேல் செலவழிக்க வேண்டாம்.

கல்லாப்பெட்டிக் கருவிக்கே திரும்புகிறேன், ஏனென்றால் போட்மாஸ் என்ற சூத்திரச் சொல் செய்யும் ஒரு கெடுதலுக்கு அதுவே மருந்து. 8−5+2 என்று கொடுத்துப் பாருங்கள். போட்மாஸில் கூட்டல் முன்னால் வருகிறது, கழித்தல் பின்னால் வருகிறது என்று பிள்ளைகள் முதலில் 5+2 ஐக் கூட்டி, 8 இலிருந்து 7 ஐக் கழித்து, 1 என்பார்கள். சரியான விடை 5. கல்லாப்பெட்டிக் கருவி இடமிருந்து வலமாகப் போவதைத் தவிர வேறெதுவும் அறியாது. ஆகவே இந்தக் கணக்கில் அது தவறுவதே இல்லை. சற்றுமுன் முட்டாள் என்று ஏசிய கருவி இப்போது தங்களைவிடச் சரியாகச் சொல்வதைப் பிள்ளைகளால் பொறுத்துக்கொள்ள முடிவதில்லை. கூட்டலும் கழித்தலும் ஒரே தகுதி, முதலில் வந்தது முதலில் என்பது அந்தக் கடுப்பிலேயே மனத்தில் பதிந்துவிடுகிறது.

இங்கே ஆசிரியர்கள் கவனிக்க வேண்டிய ஒரு வேடிக்கை உண்டு. போட்மாஸில் பெருக்கலுக்கு முன் வகுத்தல் வருகிறதே, அதைச் சொன்னபடியே செய்தாலும் விடை கெடாது. 24÷4×2 ஆகட்டும், 12×6÷3 ஆகட்டும், வகுத்தலை முதலில் முடித்தால் சரியாகவே வரும். அமெரிக்காவில் சொல்லிக்கொடுக்கும் பெம்டாஸில் பெருக்கல் முந்துகிறது. அதை அப்படியே நம்பும் பிள்ளை 24÷4×2 க்கு 12 க்குப் பதில் 3 என்று எழுதும். கழித்தலை முதலில் செய்தாலும் கெடுதல் இல்லை. கூட்டலை முதலில் செய்தால்தான் கெடும். ஆக, நம் பிள்ளைகள் விழும் குழி ஒன்றுதான், கூட்டல் முந்தும் அந்த இடம். வீட்டுப்பாடத்தில் அங்கேயே அதிகம் கணக்குக் கொடுங்கள். போட்மாஸின் ஓ, ஆஃப் என்பது, எந்தக் கருவியிலும் பொத்தானாக இல்லை. 12÷½ ஆஃப் 6 என்று பழைய புத்தகங்களில் வரும். ஆஃப் முந்த வேண்டும், விடை 4. அதையே பெருக்கல் என்று எண்ணி வரிசையாகத் தட்டினால் 144. சில புத்தகங்கள் ஓவை எடுத்துவிட்டு அடுக்குக்கு ஐ வைத்து பிட்மாஸ் என்று மாற்றிக்கொண்டதில் எனக்குச் சம்மதமே.

"பொதுத்தேர்வில் கால்குலேட்டர் அனுமதி கிடையாது, இதையெல்லாம் ஏன் பழக்குகிறீர்கள்?" என்று பெற்றோர் கூட்டத்தில் கேட்பார்கள். பத்தாம் வகுப்புத் தேர்வுக்குக் கொண்டுபோக முடியாது என்பது உண்மைதான். என் வகுப்பில் விடை கண்டுபிடிக்க இதை யாரும் எடுப்பதில்லை. விடையை முதலில் நோட்டில் எழுத வேண்டும். கருவி என்ன தப்பான விடை சொல்லப்போகிறது என்பதையும் பக்கத்தில் எழுத வேண்டும். பிறகே தட்டிப் பார்க்கலாம். ஒரு கணக்குக்கு இரண்டு கணக்கு மனத்தில் போடுகிறார்கள். பெற்றோருக்கு நோட்டைக் காட்டினால் அதோடு பேச்சு முடிந்துவிடும்.

பள்ளியில் கணினி அறை இருந்தால் பைசா செலவில்லாமலும் நடத்தலாம். விண்டோஸ் கால்குலேட்டரை ஸ்டாண்டர்டு முறையில் வைத்தால் 20, சயின்டிஃபிக் முறைக்கு மாற்றினால் 14. இரண்டு குணமும் ஒரே ஜன்னலில். கைப்பேசிகள் இதற்கு உதவாது. ஆண்ட்ராய்டும் ஐஃபோனும் 14 என்றே சொல்லிவிடுகின்றன.

வாங்குபவர்களுக்கு: ஐந்து பிள்ளைகளுக்கு ஒரு கல்லாப்பெட்டிக் கருவி, வகுப்பு முழுவதற்கும் ஓர் 82எம்எஸ். அந்த மாடலுக்குப் போலிகள் சந்தையில் உலவுகின்றன, அதனால் நடைபாதையில் மலிவாகக் கிடைக்கிறதே என்று எடுக்காதீர்கள். சாதாரணக் கருவியைக் கடையிலேயே 2+3×4 தட்டிப் பார்த்து, 14 சொன்னால் வேறு காட்டச் சொல்லுங்கள். எழுத்துகள் ஸ்டிக்கராக ஒட்டப்பட்ட பொத்தான்கள் ஒரு பருவத்துக்குள் வெளுத்துவிடும். அச்சில் வார்க்கப்பட்டவை நிற்கும். பின்மூடித் திருகு மிகச் சிறியது. மூக்குக் கண்ணாடிக்கு வைத்திருக்கும் திருப்புளி அதற்குப் பொருந்துகிறது.